இட்லிக்கும் அதே மெட்டு

பிரசங்கம் முடியவே வேண்டாம் என்று என் வாழ்நாளில் இன்றைக்குத்தான் முதல்முறையாக வேண்டிக்கொள்கிறேன். வெளியூர்ப் போதகர், நல்ல கனத்த சரீரம், ஸ்தோத்திரப் பண்டிகைக்கென்றே கூப்பிட்டிருக்கிறார்கள். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து, பவுலும் சீலாவும் சிறைச்சாலையில் பாடின கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும். நிதானமாகச் சொல்லட்டும். இவர் முடித்தால் காணிக்கைப் பாட்டு, அது முடிந்தால் சாட்சி, சாட்சிக்கு ஒரே ஒரு பெயர்தான், அது என் பெயர். சகோதரி சுகிர்தம் வேதக்கண் என்று நோட்டீசில் அச்சடித்தே விட்டார்கள். என் மடியிலிருக்கும் வேதப்புத்தகத்துக்குள் நான்காய் மடித்த தாள் ஒன்று இருக்கிறது. போதகரம்மா தன் கையால் எழுதிக் கொடுத்தது, நான் எழுத்துக்கூட்டிக் கஷ்டப்படக் கூடாதென்று பெரிய பெரிய எழுத்தில். நான் பத்தாவது பாஸ் என்பது அவர்களுக்குத் தெரியாது போல. ‘கர்த்தர் என் கணவரின் பேச்சை எடுத்தார், துதியை எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் காலையும் மாலையும் துதி ஓய்வதில்லை.’ எழுந்து போய், மைக்கைப் பிடித்து, இதைப் படித்துவிட்டு வந்து உட்கார வேண்டியதுதான். ஒரு நிமிஷ வேலை. பெட்பான் வைத்து எடுப்பதைவிடச் சுலபம். ஆனால் அது பொய். முழுப்பொய்யும் இல்லை, அதுதான் தொல்லை. முழுப்பொய்யாக இருந்திருந்தால் அன்றைக்கே முடியாது என்று சொல்லித் தொலைத்திருப்பேன். பாதி நிஜமாக இருப்பதால் பத்து நாளாகத் தொண்டையில் முள்மாதிரி நிற்கிறது, விழுங்கவும் வரவில்லை, துப்பவும் வரவில்லை. நடுராத்திரியிலே பாடினார்கள், காவலில் இருந்த மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்கிறார் போதகர். பாடினதை எழுதியிருக்கிறார்கள் சரி. முதுகெல்லாம் அடிபட்டுக் காலில் தொழுமரம் மாட்டிக் கிடந்த இரண்டு ஆம்பிளைகள் நடுவில் கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்று கேட்டிருக்க மாட்டார்களா. மூத்திரத்துக்கு என்ன செய்திருப்பார்கள். இப்படியெல்லாம் கோயிலில் உட்கார்ந்துகொண்டு யோசிப்பது தப்பு. தப்புதான். ஒரு வருஷமாக எனக்கு எந்தக் கதையைக் கேட்டாலும் யார் துணி மாற்றினார்கள், யார் தூக்கி உட்கார வைத்தார்கள் என்றுதான் புத்தி போகிறது. யோபுவின் பெண்டாட்டிக்கு வேதத்தில் ஒரு பெயர்கூடப் போடவில்லை. ஒரே ஒரு பேச்சு பேசினாள், பைத்தியக்காரி என்று வாங்கிக் கட்டிக்கொண்டாள். யோபு சாம்பலில் உட்கார்ந்து புண்ணை ஓட்டால் சுரண்டிக்கொண்டிருந்த காலம் முழுக்க அடுப்பு மூட்டினது யார் என்று எந்தப் போதகராவது பிரசங்கம் பண்ணியிருக்கிறாரா.

என் வீட்டுக்காரர் எனக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார். எங்கள் கோயிலில் ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம், இவர் சக்கர நாற்காலிக்கு இரண்டு பக்கமும் இடமில்லாததால் நடுவழியில், என் வரிசையின் ஓரத்தில். வெள்ளைச் சட்டை போட்டுவிட்டேன். வலது கை விழுந்துவிட்டதால் முதலில் அந்தக் கையைச் சட்டைக்குள் விட வேண்டும், பிறகு முதுகு, பிறகு இடது கை, மாற்றிச் செய்தால் மறுபடி முதலிலிருந்து. காலையில் நாலரைக்கு எழுந்தேன். வெந்நீர், முகச்சவரம், குளியல், பௌடர், பட்டன். அவசரத்தில் அவர் மோவாயில் சின்னதாகக் கீறிவிட்டேன், அதில் ஒட்டின காகிதத்துணுக்கை எடுக்க மறந்திருக்கிறேன், இப்போதுதான் கண்ணில் படுகிறது. கை நீட்டி எடுக்கலாம். பின்னால் இருக்கிறவர்கள் பார்ப்பார்கள். பார்த்து, என்ன அன்பான பெண்டாட்டி என்பார்கள். எடுக்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியில் குடை தொங்குகிறது. வெயிலோ மழையோ, இவரை வெளியே தள்ளிக்கொண்டு வந்தால் அந்தக் கறுப்புக் குடை இல்லாமல் நான் வருவதில்லை, சித்திரை மாதத்தில்கூட. ஊரில் சிரித்தார்கள், சிரிக்கட்டும். ஜன்னலுக்கு வெளியே மேகம் கட்டியிருக்கிறது. ஐப்பசி பிறந்து இருபது நாளாகியும் எங்கள் தேரிக்காட்டுச் செம்மண்ணில் ஒரு சொட்டு விழவில்லை, தினமும் இப்படிக் கட்டிக் கட்டிக் கலைந்து போகிறது. பீடத்துக்கு முன்னால் படைத்திருக்கிற பூசணிக்காய், வாழைத்தார், முருங்கைக்காய்க் கட்டு, கருப்பட்டி ஓலைக்கொட்டான், எல்லாவற்றுக்கும் நடுவில் காலைக் கட்டிப் போட்டிருக்கிற ஒரு சிவப்புக் கோழி. போதகர் குரலை உயர்த்தும்போதெல்லாம் அதுவும் ஒருதரம் கொக்கரிக்கிறது. இடுப்பு வலிக்கிறது. வலி என்று சொல்வதுகூடச் சரியில்லை, வலி வந்துபோகிற சாமான், இது வந்து குடியேறிவிட்டது. இந்தப் பெஞ்சில் அப்படியே சாய்ந்து, இந்த மின்விசிறிக்குக் கீழே, எவரும் எதுவும் கேட்காமல், மத்தியானம் வரைக்கும் தூங்கக் கிடைத்தால் அதுதான் மோட்சம் என்று எழுதிக் கொடுத்துவிடுவேன்.

போன வருஷம் இதே ஐப்பசிதான். பண்டிகைக்கு இரண்டு வாரம் இருந்தது. முப்பத்தோரு வருஷம் அரசாங்க பஸ்ஸில் கண்டக்டராக விசில் ஊதி, படிக்கட்டில் தொங்குகிறவர்களை அதட்டி, அந்தத் தொண்டை தேய்ந்து போயிருக்க வேண்டும், தேயவில்லை. ஓய்வுபெற்ற மறுநாளே கோயில் பாடகர் குழுவில் போய் உட்கார்ந்துவிட்டார். எந்தக் கீர்த்தனையானாலும் முதல் அடியை அவர்தான் எடுக்க வேண்டும், அவர் எடுத்தால்தான் ஊர் சேர்ந்து பாடும். அன்றைக்குச் சாயங்காலமும் பாட்டுப் பழக்கம் என்று கிளம்பினார். அடுப்படி ஓடு ஒழுகுகிறது, ஆள் கூப்பிடுங்கள் என்று நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், அவருக்குப் பாட்டுதான் பெரிதாகப் போயிற்று. பண்டிகை முடியட்டும் என்றார். கோயிலுக்கே வாழ்க்கைப்படுங்கள் என்று நான் உள்ளே போய்ப் பாத்திரத்தை உருட்டினேன். வாசலில் நின்று கேட்டார். “ஏளா, குடைய எடுத்து வச்சியா?” ஏளா என்பது எங்கள் பக்கத்தில் புருஷன் பெண்டாட்டியைக் கூப்பிடுகிற கூப்பாடு. அதட்டுவதும் அதில்தான், கொஞ்சுவதும் அதில்தான். எனக்குக் கேட்டது. நன்றாகக் கேட்டது. குடை உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, கை எட்டும் தூரம். நான் பதில் சொல்லவில்லை. இன்னொருதரம் கேட்டால் கொடுக்கலாம் என்று இருந்தேன். இன்னொருதரம் கேட்கவில்லை, செருப்புச் சத்தம் தெருவில் போயிற்று. கோயில் வேப்பமரத்தடியில் மழைக்கு ஒதுங்கினவர் அங்கேயே சரிந்து விழுந்து, முழுக்க நனைந்து கிடந்திருக்கிறார். எவ்வளவு நேரம் என்று எவருக்கும் தெரியாது. நனைந்ததால் வாதம் வராதம்மா, ரத்த அழுத்தம், மூளையில் இடது பக்கம் அடைப்பு என்று டாக்டர் படம் போட்டே காட்டினார். தலையை ஆட்டினேன். தலை ஆட்டினது புத்தி, உள்ளே இருக்கிறவள் ஆட்டவில்லை. அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. பேசவில்லை என்றால் கோபித்துக்கொண்டு அல்ல, சொல் வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் வாய் திறக்கும், தொண்டை அசையும், உம் உம் என்று வரும், பிறகு கண்ணில் தண்ணீர் வரும். என் பெயரைச் சொல்லுங்கள் என்று எத்தனை நாள் எதிரில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். சுகிர்தம். சு. சு மட்டும் சொல்லுங்கள். அவர் என் வாயையே பார்ப்பார், பஸ் வராத நிறுத்தத்தில் நிற்கிறவர் ரோட்டைப் பார்ப்பது போல.

அப்புறம் கிறிஸ்துமசுக்கு நாலு நாள் முன்னால், பாடகர் குழு வீடுவீடாக வந்தபோது, எங்கள் சபைப் பாட்டை எடுத்தார்கள். அது எந்தப் புத்தகத்திலும் கிடையாது. எப்போதோ மூன்று வருஷம் மழையில்லாமல் பனைகூடக் கருகினபோது எங்கள் ஊர் உபதேசியார் ஒருவர் கட்டினது, எங்கள் கோயிலில் மட்டும் பாடுகிறது. ‘பெய்யாத நாளிலும் பாடுவேன், ஐயா, பேசாத நாளிலும் பாடுவேன்.’ அவர்கள் எடுத்ததும் கட்டிலில் கிடந்தவர் வாய் திறந்து கூடப் பாடினார். முனகல் இல்லை, பாட்டு. சொல் சொல்லாக, நாலு சரணமும், ஒரு எழுத்து தப்பாமல். வந்தவர்கள் அழுதார்கள், முழங்காலில் விழுந்தார்கள். நானும் அழுதேன். பேச்சு வந்துவிட்டது என்று நினைத்தேன். அவர்கள் போனதும் கதவைச் சாத்திவிட்டு ஓடிப்போய்க் கட்டிலில் உட்கார்ந்து, இப்போ சொல்லுங்க, சுகிர்தம்னு சொல்லுங்க என்றேன். உம் என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி என் நெஞ்சுக்குள் வந்த கசப்பு இருக்கிறதே, அதற்கு நான் இதுவரை எந்தப் பாவ அறிக்கையிலும் பெயர் வைத்தது இல்லை. பொறாமை. ஆண்டவர்மேல் பொறாமை. அவரிடம் பேச இந்த மனுஷனுக்கு நாலு சரணம் இருக்கிறது. அவருக்கா சட்டை மாட்டிவிடத் தெரியும், அவரா கஞ்சி ஊட்டுகிறார், அவரா முதுகில் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் போடுகிறார். எனக்கு ஒரு எழுத்துக்கூட இல்லை. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தன்னுடைய பங்கை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டீரே, இது எந்த ஊர் நியாயம் ஆண்டவரே. போதகரம்மா எழுதிக் கொடுத்த தாளில் இருப்பதும் இதுதான், பேச்சை எடுத்தார், துதியை எடுக்கவில்லை. ஒரே வரி. அவர்கள் கையெழுத்தில் சாட்சி, என் வாயில் பிராது.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் பாளையங்கோட்டையில் சொன்னாள், சின்னப் பெண், கண்ணாடி போட்டவள். “பேச்சு வார எடம் வேற, பாட்டு வார எடம் வேறம்மா. அடைச்சது பேச்சு வார பக்கந்தான். அவங்களுக்குத் தெரிஞ்ச பாட்டு மெட்டுலயே நீங்க பேச வேண்டியதப் பாடுங்க. இடது கையப் புடிச்சு தொடையில தாளம் தட்ட வைங்க. ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் அவங்க பதில் அதே மெட்டுல வரும்.” கேட்டதும் முதலில் வெட்கம். அவருக்குத் தெரிந்த பாட்டெல்லாம் கோயில் பாட்டு. ஆண்டவரைத் துதிக்கிற மெட்டில் போய் மூத்திரம் வருதா என்று கேட்பதா. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் படுக்கை நனைந்தது, அத்தோடு வெட்கமும் போயிற்று. பெய்யாத நாளிலும் பாடுவேன் என்கிற அதே மெட்டில், இன்னுமோர் இட்லிதான் வைக்கவா, ஐயா, சட்னியும் கொஞ்சமாய் ஊற்றவா. இடது கையைப் பிடித்து அவர் தொடையில் தட்டிக்கொண்டே பாடுவேன். வலப்புறம் திருப்பித்தான் கிடத்தவா. பின்பக்கம் பௌடரைப் போடவா. காலையில் ஆரம்பித்தால் விளக்கு வைக்கிற வரைக்கும் ஓயாது. அவரும் கூடப் பாடுவார், ஆனால் நான் பாடுகிற சொல்லை அல்ல. நான் இட்லி என்பேன், அவர் அழகாகப் பெய்யாத நாளிலும் என்று பதில் பாடுவார். இட்லியைப் பாடுங்க என்று கெஞ்சுவேன், மறுபடியும் பெய்யாத நாள். ஆண்டவர் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்கிற மாதிரி. பத்து மாதம். பயிற்சிப் பெண் பொறுமையா இருங்கம்மா என்றாள். பொறுமை என்ன கடையில் விற்கிறதா. கை தாளம் தட்டும், வாய் பாடும், மனசு ஈரத் துணியாகக் கொடியில் கிடக்கும்.

இதில்தான் வந்தது வினை. எங்கள் வீட்டுக்கும் பிரகாசி அக்கா வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரில் சொல் ஏறாது, மெட்டு ஏறும். பிரகாசி அக்கா பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குத் தலைவி, இளகின மனசு, சோப்பு விளம்பரத்துக்கும் அழக்கூடியவள். விடிந்ததிலிருந்து அந்தி வரைக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்தோத்திரப் பாட்டு ஓய்வதில்லை என்று கேட்டுக் கேட்டு உருகியிருக்கிறாள். கூட்டத்தில் சொல்லியிருக்கிறாள், கூட்டம் போதகரம்மாவிடம் சொல்லியிருக்கிறது, போதகரம்மா போதகரிடம். ஒரு நாள் எல்லோருமாக வாழைப்பழச் சீப்போடு வந்துவிட்டார்கள். “இந்தப் பாடுலயும் நீங்க ரெண்டுபேரும் எப்படி இப்படித் துதிக்கிய சுகிர்தம்? எங்களுக்குக் கெடைக்காத கிருபைல்லா இது” என்று பிரகாசி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையில் அப்போது டெட்டால் வாடை. நான் சொல்லியிருக்கலாம். அக்கா, அது துதி இல்லை, இட்லி என்று. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் ஒரு வருஷமாக என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. பாவம் என்று பார்த்திருக்கிறார்கள், எப்படிச் சமாளிக்கிறாளோ என்று பார்த்திருக்கிறார்கள். ஆசையாக யாரும் பார்த்ததில்லை. சிரித்துத் தொலைத்தேன். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய் நோட்டீசில் பெயரைப் போட்டுவிட்டார்கள்.

அதோடு விட்டாலாவது பரவாயில்லை. இட்லிப் பாட்டை ஆண்டவர் மன்னிப்பார், அவருக்கும் கொஞ்சம் சிரிப்பு வரும் என்றுகூட நினைக்கிறேன். ஆடி மாதத்தில் ஒரு நாள் இருக்கிறது. காற்று அள்ளிக் கொட்டினது, வீடெல்லாம் செம்மண். மாற்றின படுக்கையை உடனே நனைத்துவிட்டார், மறுபடி மாற்றினேன், ஊட்டின கஞ்சியை என் முகத்திலேயே இருமித் தெறித்தார். முகத்தைத் துடைக்கவில்லை. இடது கையைப் பிடித்தேன், தொடையில் தட்டினேன், அந்த மெட்டிலேயே பாடினேன். சாகவும் மாட்டீரே, நீரையா, பேசவும் மாட்டீரே, நீரையா. ஒரு தரம் இல்லை. கஞ்சி முகத்தில் காய்ந்து இழுக்கிற வரைக்கும் பாடினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே தாளம் தட்டினார். பாடி முடித்த பிறகுதான் உறைத்தது. என் புருஷனை நான் ஒருநாளும் நீர் என்று சொன்னதில்லை, நீங்கள் என்றுதான். நீர் என்பது ஜெபத்தில் மட்டும். அப்படியானால் யாரைப் பார்த்துச் சாகவும் மாட்டீரே என்றேன். அன்றைக்குத்தான், அதே நேரத்தில்தான், சுவருக்கு அந்தப் பக்கம் பிரகாசி அக்கா முழங்கால் போட்டு, ஆண்டவரே இந்தக் குடும்பத்தின் விசுவாசத்தில் எனக்கும் ஒரு பங்கு தாரும் என்று அழுதாளாம். அவளே சொன்னாள், நாள் கிழமையோடு. பயமாக இருக்கிறது. மைக்குக்கு முன்னால் நின்று துதி ஓய்வதில்லை என்று நான் சொல்கிற நிமிஷம், கேட்க வேண்டியவருக்கு ஆடி மாதத்துப் பாட்டும் ஞாபகம் இருக்குமே. சொல்லாமல் விட்டால் இந்தக் கண்களெல்லாம். அந்த ஆசையான கண்களெல்லாம். இரண்டில் எதற்கு அதிகம் பயப்படுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆமென் என்கிறது சபை. போதகர் முடித்துவிட்டார்.

காணிக்கைப் பாட்டுக்கு அந்தப் பாட்டைத்தான் எடுக்கிறார்கள், வேறு எதை எடுப்பார்கள், இவர் பாடுவதை எல்லோரும் பார்க்க வேண்டுமே. ஆர்மோனியம் சுருதி பிடித்ததும் அவர் கழுத்து நிமிர்கிறது. பெய்யாத நாளிலும் பாடுவேன், ஐயா. அந்தக் குரல் அப்படியே இருக்கிறது, ஒரு பின்னமும் இல்லை. திருச்செந்தூர் ரோட்டில் ஜன்னலோர சீட்டில் நான் உட்கார்ந்திருக்க, டிக்கெட் கிழித்துக்கொண்டே வாய்க்குள் பாடின அதே குரல். நான் அதைக் கேட்டுத்தான் கட்டிக்கொண்டேன், வேறெதையும் பார்க்கவில்லை. முன்வரிசைகள் திரும்பிப் பார்க்கின்றன, முந்தானைகள் கண்ணுக்குப் போகின்றன. நான் பாடவில்லை. உதட்டை அசைக்கிறேன். பேசாத நாளிலும் பாடுவேன் என்கிற இடத்தில் அசைக்கவும் முடியவில்லை. கட்டின உபதேசியாரே, உம் பெண்டாட்டி இதைப் பாடினாளா. மூன்று வருஷம் மழையில்லாத ஊரில் தண்ணீர்க் குடத்தைச் சுமந்தது அவள்தானே. காணிக்கைப் பை வருகிறது, கையில் வைத்திருந்ததைப் போடுகிறேன், பை போகிறது. கோழி கொக்கரிக்கிறது. சகோதரி சுகிர்தம் வேதக்கண் என்று எங்கள் போதகர் சிரித்த முகத்தோடு கூப்பிடுகிறார்.

எழுந்தாயிற்று. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடுவழியில் நடக்கிறேன், அவர் நாற்காலியைத் தாண்டும்போது குடை என் சேலையில் மாட்டி விடுகிறது, எடுத்துவிட்டு நடக்கிறேன். மைக் எனக்கு உயரம், இப்போதைய உபதேசியார் ஓடி வந்து இறக்கிவிடுகிறார். தாளைப் பிரிக்கிறேன். பெரிய பெரிய எழுத்து. கர்த்தர் என் கணவரின். கண் ஓடுகிறது, வாய் ஓடவில்லை. வாயைத் திறக்கிறேன், தொண்டை அசைகிறது, ஒன்றும் வரவில்லை. உம் என்று ஒரு சத்தம் மட்டும் மைக்கில் போய்ப் பெரிதாகிக் கோயில் முழுக்கக் கேட்கிறது. எனக்குத் தெரிந்த சத்தம்தான். தினமும் கேட்கிற சத்தம். இப்படித்தான் இருக்குமா உங்களுக்கு. எல்லாம் உள்ளே இருக்கும், வரிசையாக நிற்கும், வாசலில் வந்ததும் காணாமல் போகும், இப்படித்தான் இருந்ததா இந்த ஒரு வருஷமும். நான் எதிரில் உட்கார்ந்து சு சொல்லுங்க சு சொல்லுங்க என்று உயிரை வாங்கினேனே. பிரகாசி அக்கா முதல் வரிசையிலிருந்து, “சொல்லு சுகிர்தம், பயப்படாத, ஆண்டவர் வார்த்தையத் தருவாரு” என்கிறாள். தரவில்லை அக்கா. எத்தனை நேரமாக நிற்கிறேன். ஜன்னலில் வெளிச்சம் குறைந்து கோயில் இருட்டுகிறது, மேகம் நன்றாகவே கட்டிவிட்டது, யாரோ விளக்கைப் போடுகிறார்கள். எதைப் பார்ப்பது என்று தெரியாமல் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார், கறுத்துக் கிடந்த வானத்தை. பிறகு மெதுவாக முகம் திருப்பி என்னைப் பார்த்தார். மோவாயில் அந்தக் காகிதத்துணுக்கு. இடது கை நாற்காலியின் கையில் தட்ட ஆரம்பித்தது. ஐயோ, பாட்டை எடுக்கப் போகிறார், மறுபடியும் நாலு சரணம், சபை கூடச் சேர்ந்துகொள்ளும், நான் தப்பித்துவிடுவேன் என்று நினைத்தேன்.

“குடைய எடுத்து வச்சியா, ஏளா?”

அதே மெட்டு. பெய்யாத நாளிலும் பாடுவேன் வருகிற இடத்தில் முழுசாக அது உட்கார்ந்திருந்தது, ஐயா என்று இழுக்கிற கடைசி ஸ்வரத்தில் ஏளா. ஆண்டவரை ஏளா என்று எந்தப் பாட்டிலும் கூப்பிட முடியாது. ஆர்மோனியக்காரர் சுருதி பிடிக்க நீட்டின கை பாதியில் நின்றது. இரண்டாம் தரமும் கேட்டார், சுருதி ஒரு இம்மி கூட்டி, எனக்குக் கேட்காமல் போய்விட்டதோ என்கிறதுபோல. “குடைய எடுத்து வச்சியா, ஏளா?” என் பெயர் வரவில்லை. ஒரு வருஷம் பிச்சை கேட்டேனே, அந்த ஒரு சொல் வரவில்லை, வந்தது இந்தப் பழைய குடை. அதுதான் வந்தது, எனக்கு அது போதும், ஆண்டவரே, போதும் போதும். இரண்டாம் தரம் கேட்டால் கொடுக்கலாம் என்று அன்றைக்கு இருந்தேன் இல்லையா, இதோ கேட்டுவிட்டார். தாள் எங்கே விழுந்தது என்று தெரியாது. மைக்கில் வாய் வைத்து, முந்நூறு பேருக்கு முன்னால், என் கரகரத்த தொண்டையில், அந்த மெட்டிலேயே பாடினேன். “எடுத்துத்தான் வச்சிருக்கேன், ஐயா, எடுத்துத்தான் வச்சிருக்கேன்.” அவர் தலையை ஆட்டினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது ஆட்டுகிற மாதிரி.

ஆமென் சொல்வதா வேண்டாமா என்று சபைக்குத் தெரியவில்லை. போதகரம்மா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை, பிரகாசி அக்காவைப் பார்த்துத்தான் சொன்னேன். இப்போது பேச்சு வந்தது, சாதாரணமாக, அடுப்படியில் பேசுகிறதுபோல. “அக்கா, நீங்க சுவத்துல கேட்டது இதுதான். துதி இல்ல. இட்லிக்கும் பெட்பானுக்கும் இதே மெட்டுதான் பாடுவேன். ஒரு நாளு கெட்ட வார்த்தை மாதிரியும் பாடிட்டேன், அது யாருக்குன்னு அவருக்குத் தெரியும். இன்னைக்குத்தான் ஒரு பதிலு வந்துருக்கு. ஸ்தோத்திரம்.” கடைசிச் சொல்லை நான் சொல்ல நினைக்கவில்லை, தானாக வந்துவிட்டது. அதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. பிரகாசி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்ததுபோலவும் இருந்தது. நான் இறங்கி நடந்து வந்தேன். இடுப்பு அதே வலிதான் வலித்தது, வீட்டுக்குப் போனால் அதே படுக்கைதான், அதே துணிதான், நாளைக்கு இட்லி என்று பாடினால் மறுபடி பெய்யாத நாள்தான் வருமோ என்னவோ. அவர் மோவாயிலிருந்து காகிதத்துணுக்கை எல்லோரும் பார்க்கவே எடுத்தேன். வெளியே இன்னும் ஒரு தூறல்கூட விழவில்லை. கைப்பிடியிலிருந்து குடையைக் கழற்றி அவர் மடியில் வைத்தேன்.